பிள்ளைகளின் பல்லும் புரோபயாட்டிக் உணவும்

அண்மைக் காலத்தில் சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களிலும், கடைகளில் விற்கும் பால்பானப் புட்டிகளின் மேலும் ஒரு புதுச் சொல் இடம்பெற்று வருகிறது. புரோபயாட்டிக் என்பது அச்சொல். முதலில் அது வயிற்றைப் பற்றிய பேச்சில் வழங்கிற்று. இப்பொழுது வாய்க்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் உணவு கொடுத்துவந்தால் பற்சொத்தை அணுகாது என்று கூறுவோர் தோன்றியுள்ளனர். விஞ்ஞானச் செய்திகளைத் தமிழில் பெயர்த்தெழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இச்சொல்லை எழுத நேரும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் உண்டாகிறது. எழுத்தில் உள்ள செய்தியை மக்களிடம் நேரில் கொண்டு செல்பவர்கள் களப்பணியாளர்களும் ஆசிரியர்களுமே. ஆகையால் அத்தயக்கத்தின் காரணங்களை அவர்கள் முன் வைப்பது பயனுடையதாகும் என்று கருதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சர்க்கரை சேராத தயிரும் மோரும் பிள்ளைகளுக்கு நல்ல உணவு, இதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைப் பல்லுக்கு மருந்து என்று சொல்லிக் கொடுக்க இன்றைய விஞ்ஞானம் நமக்கு இடந்தரவில்லை. சர்க்கரை கலந்த புட்டிப் பானத்தை அவ்வாறு சொல்லிக் கொடுப்பதோ, உதவிக்குப் பதிலாக உபத்திரவமாகவே முடியும்.

பற்சொத்தை நம் நாட்டில் சிறு விஷயம் அன்று. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் நடத்திய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 51.9 பேருக்கும், 12 வயதினரில் 53.8 பேருக்கும், 15 வயதினரில் 63.1 பேருக்கும் சொத்தை காணப்பட்டது. அதாவது, ஒன்றாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் சொத்தைப் பல்லுடனேயே வருகின்றனர். உலகமுழுதும் எடுத்துக்கொண்டால், பாற்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல் என்பது 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. ‘பாற்பல்தானே, விழுந்துவிடும்’ என்று பெற்றோர் கூறுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அது விழுவதற்கு முன் பல ஆண்டுகள் வலிக்கிறது. வலிக்கும் பல்லை வைத்துக்கொண்டு பிள்ளை மென்று தின்பதில்லை, இரவில் உறங்குவதில்லை, மறுநாள் வகுப்பில் கவனம் செலுத்துவதுமில்லை. அன்றியும், ஆறாம் வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே அவற்றின் பின்னால் தோன்றுகிறது. அதையும் பாற்பல் என்றே எண்ணிக் கவனியாது விட்டுவிடும் குடும்பங்கள் மிகப் பல. வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய அப்பல் பத்து வயதுக்குள் குழிந்து போவதைப் பள்ளிதோறும் காணலாம்.

பல் எவ்வாறு சொத்தையாகிறது என்பது தெளிந்தாலன்றிப் புரோபயாட்டிக் பற்றிய பேச்சை எடைபோட இயலாது. பெர்லினில் ஆராய்ச்சி நடத்திய மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உணவிலுள்ள மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லை அரிக்கிறது என்றும் 1890இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சொத்தையில் பெரும்பங்கு கொள்ளும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவை 1924இல் கிளார்க் என்பவர் இனங்கண்டார். ஸ்டீபன் என்னும் அறிஞர் 1940ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பல்லின் மேல் படியும் படலத்தில் அமிலநிலையை நேரிலேயே அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களில் படலத்தின் பி.எச். எண் சரசரவென்று இறங்குகிறது. அது சுமார் 5.5க்குக் கீழே சென்றதும் பல்லின் எனாமலிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அவ்வமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து, கரைந்து போனதில் ஒரு பகுதியை மீண்டும் பல்லில் படியச் செய்கிறது. இதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை பிடிக்கும்.

ஆகவே பல்லின் மேல் நாள்தோறும் ஒரு வரவும் செலவும் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வேளை உண்ணும் பிள்ளைக்கு, செலவை ஈடுசெய்யும் வரவுக்கு நேரம் கிடைக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு மிட்டாய், மாலையில் இனிப்பு பிஸ்கோத்து, படுக்கையில் சர்க்கரைப்பால் என்று வாய் ஓயாத பிள்ளைக்கு அந்த நேரமே இல்லை. உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைந்துவிடுவதால், பால்புட்டியை வாயில் வைத்தவாறே உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் முதலில் அழிகின்றன. இனிப்பின் அளவு மட்டுமன்றி, அது எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம் என்பதைச் சுவீடன் நாட்டில் வீப்பேஹோல்ம் மனநோய் விடுதியில் 1945 முதல் நடந்த ஆராய்ச்சி ஐயமின்றிக் காட்டியது. உணவுக்கிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களின் பற்களே மிகுதியும் கெட்டன. அவ்வாராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்ட நோயாளிகளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் இன்று எளிதாக எடுத்துரைக்கும் உண்மைக்கு அவர்கள் தம் பற்களை விலையாகக் கொடுத்தனர்.

இனிப் புரோபயாட்டிக் என்பதற்கு வருவோம். நுண்ணுயிர்கள் எல்லாம் பகையல்ல, சில நமக்கு உதவுகின்றன என்னும் எண்ணத்தைப் பரப்பியவர் ருஷ்ய அறிஞர் மெச்னிக்காஃப். பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்று அவர் 1907இல் எழுதினார். மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது தயிருக்காக அன்று, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக என்பதை விளம்பரக்காரர்கள் மறந்துவிடுகின்றனர்! போதிய அளவில் உட்கொள்ளும்போது உட்கொள்பவரின் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2011இல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. இந்நெறிகளின்படி, நுண்ணுயிரின் பொதுப்பெயரைச் சொன்னால் போதாது. அதன் குறிப்பிட்ட கிளையினம் எது, எத்தனை கோடி உயிருடன் உள்ளன, எந்த நன்மை மனிதரிடம் சோதித்து மெய்ப்பிக்கப்பட்டது என்பவற்றைக் காட்டியாகவேண்டும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளின் குணம் வேறுபடுவது போல், ஒரே பெயருடைய பாக்டீரியாக்களின் கிளையினங்களும் தம்முள் வேறுபடுகின்றன.

பல்லைப் பொறுத்தவரை சோதனைகள் சொல்வது யாது? பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், 18 பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களைச் சேர்ந்த 594 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2001இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்கு லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்ற கிளையினம் சேர்த்த பாலும், மற்றொரு சாராருக்கு வெறும் பாலும், வாரத்தில் 5 நாட்கள் வீதம் 7 மாதங்கள் கொடுக்கப்பட்டன. முதற்பிரிவினரிடம், அதிலும் குறிப்பாக 3, 4 வயதுக் குழந்தைகளிடம், சொத்தை குறைவாகக் காணப்பட்டது. சிலி நாட்டுச் சாந்தியாகோ நகரில் 16 மழலைப் பள்ளிகளில் 2, 3 வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மாதங்கள் வேறொரு கிளையினம் சேர்த்த பாலைக் கொடுத்துப் பார்த்ததிலும் நற்பலன் தெரிந்தது. அது 2016இல் வெளிவந்தது. சுவீடனில் 2009இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, சொத்தை நூற்றுக்கு 75 பங்கு தடுக்கப்பட்டதாகக் கூறுகிறது. இவ்வெண்ணைப் பிரசுரங்களில் எடுத்தாள விரும்பாதவர் யார்? ஆனால் அங்கே கொடுத்த பாலில் நுண்ணுயிருடன், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் ஃபுளோரைடும் சேர்க்கப்பட்டிருந்தது. ஃபுளோரைடு பல்லைக் காக்கும் என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. பலனில் எவ்வளவு நுண்ணுயிரால், எவ்வளவு ஃபுளோரைடால் என்று அச்சோதனையைக் கொண்டு பிரித்துரைக்க வழியில்லை. பின்லாந்திலேயே பச்சிளங் குழந்தைகளுக்கு இரண்டு வயதுவரை பிபிடோபாக்டீரியம் வகையொன்றைக் கொடுத்துப் பார்த்த மற்றொரு சோதனையில், அவர்கள் நான்கு வயதை எட்டியபோது சொத்தையில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

இவை தவிர, சில நாட்களோ சில வாரங்களோ தயிர் அல்லது மாத்திரை கொடுத்து, உமிழ்நீரில் மியூட்டன்ஸ் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைந்தது என்று காட்டும் சிறு ஆய்வுகள் பல உண்டு. நம் நாட்டிலும் நடந்திருக்கின்றன. அவற்றை இகழவேண்டியதில்லை. ஆயினும் கிருமி எண்ணிக்கை குறைவது வேறு, பல் கெடாமல் இருப்பது வேறு. கொடுப்பதை நிறுத்தினால், புதிதாக வந்த நுண்ணுயிர் வாயில் குடியேறி நிற்பதில்லை. பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில் அது மறைந்துவிடுகிறது.

ஹெல்சிங்கிச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே தேர்ந்துகொண்ட ஜி.ஜி. கிளையினம் கரும்புச் சர்க்கரையையோ பாற்சர்க்கரையையோ புளிக்கவைத்து அமிலமாக்குவதில்லை. பல்லுக்கு அதனைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம். நம் வீட்டுத் தயிரில் உறையூன்றும் பாக்டீரியாக்களின் தொழிலே, பாற்சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவது. அதனாலன்றோ பால் தயிராகிறது! இன்னும் சொன்னால், லாக்டோபாசில்லஸ் குலத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் ஆழ்ந்த சொத்தைக் குழிகளில் நிறைந்திருப்பதைப் பல் மருத்துவர்கள் நூறாண்டாக அறிவர். வயிற்றில் நண்பன் என்று போற்றப்படும் குலமே, பற்குழியில் எதிரியின் படையில் நிற்கிறது. ஆகவே ஹெல்சிங்கிப் பாலுக்குக் கிடைத்த நற்சான்றிதழை நம் வீட்டு உறியில் தொங்கும் தயிர்ச்சட்டியின் மேல் ஒட்டுவது முறையாகாது.

இதனால் தயிர் பல்லுக்குக் கேடு என்று யாரும் எண்ணிவிடலாகாது. தயிர் புளிப்பாயினும் அதில் சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் அது எனாமலைக் கரைப்பதில்லை. மாலையில் பிஸ்கோத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிரோ, உப்பிட்ட மோரோ கொடுத்தால், அந்த வேளை சர்க்கரை ஒன்று குறைகிறது. அந்நன்மைக்கு நுண்ணுயிரின் துணை தேவையில்லை.

இங்கே இந்திய நாட்டின் பலவகைப் பழக்கங்களையும் கருதவேண்டும். தயிர் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது எங்கும் ஒரே பண்டம் அன்று. குஜராத்தில் உணவுடன் அருந்தும் சாஸ் உப்பிட்ட மோர். வங்காளத்து மிஷ்டி தயிரும் மராட்டியத்து ஸ்ரீகண்டும் இனிப்புப் பண்டங்கள். பஞ்சாபின் லஸ்ஸி உப்பாகவும் இருக்கும், இனிப்பாகவும் இருக்கும். பரீட்சைக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தயிரில் சர்க்கரை கலந்து ஒரு கரண்டி ஊட்டியனுப்புவது வடநாட்டு வழக்கம். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அந்தக் கரண்டியால் எந்தப் பல்லும் கெட்டுவிடாது! அவ்வாறே இட்லியையும் டோக்ளாவையும் புரோபயாட்டிக் பட்டியலில் சேர்த்து எழுதுவோர் உளர். மாவு புளிக்கையில் நுண்ணுயிர்கள் பெருகுவது உண்மையே. ஆனால் ஆவியில் வெந்தபின் அவை உயிரோடு இருப்பதில்லை. புளிக்கவைப்பதால் இட்லிக்குக் கிடைக்கும் பிற சிறப்புகள் அதற்கே உரியன. உயிருள்ள நுண்ணுயிரைத் தருவது அவற்றுள் ஒன்றன்று. ஒரிசாவின் பகாளமும் தமிழ்நாட்டுப் பழைய சோறும், வடநாட்டில் கருங்காரட்டிலிருந்து செய்யும் காஞ்சியும் வேகவைக்காமல் உட்கொள்ளப்படுவதால் அவற்றில் நுண்ணுயிர்கள் உயிரோடு உள்ளன. அவற்றால் பல்லுக்கு நன்மை உண்டெனக் கூற, மேற்சொன்னவை போன்ற சோதனைகள் வேண்டும்.

உண்மையில் என்னைக் கவலைக்குள்ளாக்குவது வீட்டுத் தயிர் அன்று, கடைப்புட்டி. புளித்த பால்பானங்களில் பலவற்றில், புளிப்பை மறைக்கச் சர்க்கரை தாராளமாகச் சேர்க்கப்படுகிறது. ஒரு புட்டியில் 10 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். அது இரண்டு தேக்கரண்டி. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டிய சக்தி சுமார் 1,360 கிலோகலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. உணவில் தனியாகச் சேரும் சர்க்கரை, மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், ஐந்து பங்குக்குக் கீழே வருமாயின் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ஐந்து பங்கு என்பது இக்குழந்தைக்கு ஏறத்தாழ 17 கிராம். ஒரே ஒரு புட்டியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. குறைந்த வருவாயுள்ள ஒரு தாய், பிள்ளையின் பல்லுக்கு நல்லது என்று நம்பி, பாலுக்கு வைத்திருந்த காசைக் கொடுத்து இதை வாங்குவாளாயின், அந்நம்பிக்கையை ஊட்டியவர்களுக்கு அதில் பொறுப்பு உண்டு. உணவுப் பொட்டலங்களின் மேல் மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகிய இரண்டையும் தனித்தனியே அச்சிட வேண்டும் என்பது இன்றைய விதி. காலிப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்லி, அவ்வெண்களைத் தேக்கரண்டிக் கணக்காக மாற்றும் பயிற்சியை ஐந்தாம் வகுப்புக் கணிதப் பாடத்திலேயே நடத்தலாம். நூறு கிராமுக்கு எவ்வளவு என்றே அச்சிட்டிருப்பதால் வகுத்தல் கணக்கும் உடன் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளனுக்குரிய கவலை ஒன்றையும் கூறவேண்டும். புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு ‘நன்மை தரும் நுண்ணுயிர்’, ‘நல்ல பாக்டீரியா’ என்றெல்லாம் பெயர்த்தெழுதுகின்றனர். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் எந்த நன்மை, யாருக்கு, எந்த அளவில் என்று விசாரித்துத் தீர்க்கவேண்டிய வழக்கில், இம்மொழிபெயர்ப்பு விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் என்மேல் வருத்தப்படினும், இச்சொல்லை ஒலிபெயர்த்து எழுதுவதே நேர்மை என்பது என் துணிபு. புரியாத சொல்லைக் கண்டவர் பொருள் கேட்பார். புரிந்ததாகத் தோன்றும் சொல்லைக் கண்டவர் கேட்கமாட்டார்.

இதில் மற்றோர் இடரும் உண்டு. பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்பது நம் கிராமங்களில் இன்றும் வழங்கும் பேச்சு. இந்தியில் கீடா என்பர். பிற மொழிகளிலும் இதற்கு இணையான வழக்குகள் உண்டு. பூச்சிதான் பல்லைத் தின்கிறது என்று நம்புபவரிடம், கெட்ட கிருமியை ஒழிக்க ஒரு நல்ல கிருமி இருக்கிறது என்று கூறினால், அவர் உடனே ஏற்றுக்கொள்வார். அவர் மனத்தில் ஏற்கனவே இருக்கும் பூச்சியைப் பிடிக்க நாம் இன்னொரு பூச்சியை அனுப்பியவர்களாவோம். இவ்விரண்டின் சண்டையில் சர்க்கரை யார் கண்ணிலும் படாமல் தப்பிப் போய்விடும். மியூட்டன்ஸ் பாக்டீரியா வெளியிலிருந்து படையெடுத்து வருவதன்று. பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்களின் உமிழ்நீர் வழியாகவே குழந்தைக்கு வந்து சேர்கிறது. அதனை முற்றும் ஒழித்தல் இயலாது. அதற்கு அடிக்கடி இரை போடாமல் இருத்தல் இயலும்.

அப்படியாயின் களப்பணியாளர் எதைச் சொல்லவேண்டும்? காலையிலும் இரவு படுக்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குவதன் பயனுக்கு உள்ள சான்று, புரோபயாட்டிக்குக்கு உள்ளதைப் போல் பன்மடங்கு வலிமையுடையது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணியளவு, அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணியளவு பசை போதும். பெரியவர் ஒருவர் துலக்கிவிட்டு, துப்பச் செய்யவேண்டும். நம் சந்தைகளில் விற்கும் பற்பொடிகள் பலவற்றில் ஃபுளோரைடு கிடையாது. அடுப்புக்கரியும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும். ஆனால் குடிநீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் நம் நாட்டில் பல உள்ளன. எலும்பை முடக்கும் ஃபுளோரோசிஸ் நோய் நம் நாட்டில் 1937இல் நெல்லூர்ப் பகுதியிலிருந்து முதலில் அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தானிலும் தெலுங்கானாவிலும் குஜராத்திலும் அது இன்றும் தீராத துன்பம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது நம் குடிநீர்த் தர அளவு. வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட ஊர்களில் முதல் வேலை நல்ல நீருக்கு வழி தேடுவது; பற்பசையைப் பற்றி அவ்வூர்ச் சுகாதார அதிகாரியைக் கலந்துகொண்டு பேசவேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே துண்டுப் பிரசுரம் அச்சிடுவதில் உள்ள சங்கடம் இதுதான்.

புரோபயாட்டிக் ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கட்டும். கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் போன்றவை நம் நாட்டுத் தயிரிலேயே ஏற்ற கிளையினங்களைத் தேடிவருவது வரவேற்கத்தக்கது. ஒருநாள், மதிய உணவுடன் கொடுக்கத்தக்க மலிவான, சர்க்கரையற்ற, சோதித்துத் தேர்ந்த பால் ஒன்று நம் பள்ளிகளுக்கு வருமாயின் அதனை முதலில் மொழிபெயர்த்து எழுத நான் காத்திருக்கிறேன்.

அதுவரை, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் செலவின்றிச் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கி, முன்பற்களில் ஈறையொட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அங்கே சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கிய வெண்கோடு தெரிந்தால், அதுவே சொத்தையின் தொடக்கம். குழி விழாத அந்நிலையில் இரவு இனிப்பை நிறுத்தி, ஃபுளோரைடும் கிடைக்கச் செய்தால் அதனைத் தடுத்து நிறுத்தவும், பல சமயம் மாற்றவும் கூடும். வெண்மை பழுப்பாகிக் குழிந்திருந்தால், 2013 முதல் நடைபெற்றுவரும் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் மருத்துவக் குழு அடுத்த முறை வரும்போது அப்பிள்ளையின் பெயரைக் கொடுக்கவேண்டும். பல் நோயும் அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளது.